ஏழு மாதம் முன்பே போட்ட டிக்கெட், இப்போது நேரம் மாறிவிட்டது: பணம் திரும்ப வருமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மதுரையில் இருக்கும் அம்மா அப்பாவை மே மாதம் நியூ ஜெர்சிக்கு அழைத்துக்கொள்ள, போன அக்டோபரிலேயே ஓர் இணையதள ஏஜென்சி மூலம் டிக்கெட் போட்டுவிட்டீர்கள். சென்னையில் இரவு 9.50-க்குக் கிளம்பி, வளைகுடா நகரம் ஒன்றில் இரண்டரை மணி நேரம் காத்திருந்து, மறுநாள் காலை 9.10-க்கு நூவர்க்கில் இறங்குவதாகத் திட்டம். மதுரையிலிருந்து சென்னைக்குத் தனியாக இன்னொரு கம்பெனியில் டிக்கெட். அது மாலை 5 மணிக்குச் சென்னை வந்து சேரும். இப்போது மெயில் வந்திருக்கிறது: சென்னையில் கிளம்பும் நேரம் மாலை 4 மணியாம். நடுவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், நூவர்க்கில் இறங்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏஜென்சியோ, ரத்து செய்தால் ஆளுக்கு இவ்வளவு பிடித்தம் என்று ஒரு தொகையைச் சொல்கிறது. முழுப் பணமும் கேட்க முடியுமா, மெயிலில் இருக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் அழுத்தாதீர்கள். ஒப்புக்கொள்ளும் பட்டனும் வேண்டாம், அதைவிட முக்கியமாக, உங்கள் புக்கிங் பக்கத்தில் இருக்கும் ‘ரத்து’ பட்டனும் வேண்டாம். முதலாவதை அழுத்தினால், புது நேரத்துக்கு நீங்களே சம்மதித்ததாக ஆகிவிடும். பிறகு ரீஃபண்ட் கேட்பதற்கான பிடி நழுவிப்போகும். இரண்டாவது இன்னும் மோசம். அது நீங்களாக மனம் மாறி ரத்து செய்ததாகத்தான் பதிவாகும். டிக்கெட் வேலையில் இருப்பவர்கள் ரீஃபண்டை ‘வாலன்டரி’, ‘இன்வாலன்டரி’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பயணி தானாக ரத்து செய்தால் வாலன்டரி, கட்டண விதிப்படி அபராதம் உண்டு. கம்பெனியின் மாற்றத்தால் ரத்தானால் இன்வாலன்டரி, அபராதம் கிடையாது. ஏஜென்சி உங்களிடம் சொன்ன பிடித்தக் கணக்கு முதல் வகைக்கானது. அவர்களுடைய சாட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லையா, தெரிந்தும் சுலபமான வழியைச் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

ஏன் இப்படி மாற்றுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்போது மெயில் வரும் என்பது அதிலிருந்துதான் புரியும். பெரிய விமானக் கம்பெனிகள் கிட்டத்தட்ட பதினொரு மாதம் முன்பிருந்தே டிக்கெட் விற்கின்றன. ஆனால் பதினொரு மாதம் கழித்து எந்த விமானம் எத்தனை மணிக்குப் பறக்கும் என்பது அப்போது அவர்களுக்கே முடிவாகியிருக்காது. பெரும்பாலும் போன வருட அட்டவணையையே நகல் எடுத்து விற்பனைக்குப் போட்டு வைப்பார்கள். உலக விமானத் துறைக்கு வருடத்தில் இரண்டே பருவம்தான். மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனி வரை கோடை, மிச்சம் குளிர்காலம். நெரிசலான விமான நிலையங்களில் ஏற, இறங்க வேண்டிய நேர இடத்தை ‘ஸ்லாட்’ என்பார்கள். கோடைக்கான ஸ்லாட் பேரம் நடக்கும் மாநாடு அதற்கு முந்தைய நவம்பரில்தான். அங்கே கிடைத்ததில் தேவையில்லாததை ஜனவரி மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, நீங்கள் அக்டோபரில் பணம் கட்டியபோது மே மாத அட்டவணைக்கான ஸ்லாட் பேரமே நடந்திருக்கவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் இந்த மாதிரி மெயில்கள் குவிவதற்கு இதுதான் காரணம். குளிர்காலப் பயணத்துக்கு இதே கூத்து ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும்.

மார்ச்சிலும் அக்டோபர், நவம்பரிலும் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும் மெயில்கள் வந்தால் பதற வேண்டாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தைத் திருப்புகின்றன, நாம் திருப்புவதில்லை. அதனால் வரும் மாற்றம் அது. உங்களுடையது அந்த ரகம் இல்லை. இடையில் வழித்தடத்தையே தூக்கிவிடுவதும் உண்டு. ஏர் இந்தியா டெல்லி–வாஷிங்டன் சேவையை 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்துவதாக ஆகஸ்ட்டில் அறிவித்தது. போயிங் 787 விமானங்களைப் புதுப்பிக்க எடுத்ததால் விமானம் போதவில்லை, பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்ததால் பயண நேரமும் நீண்டுவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த மாதிரி முழு ரத்து என்றால் வழக்கே இல்லை, மாற்று விமானமோ முழுப் பணமோ கொடுத்தாக வேண்டும், அவர்களும் அப்படித்தான் அறிவித்தார்கள். சிக்கல் எல்லாம், ரத்தும் இல்லாமல் பழையபடியும் இல்லாமல் நடுவில் நிற்கும் உங்கள் கேஸ் போன்றவற்றில்தான்.

இப்போது உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். அமெரிக்காவுக்குள், அமெரிக்காவுக்கு, அமெரிக்காவிலிருந்து பறக்கும் எல்லாப் பயணத்துக்கும், கம்பெனி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் ரீஃபண்ட் விதி பொருந்தும். 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்த வருடம் அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த விதி. அதற்கு முன் ‘குறிப்பிடத்தக்க மாற்றம்’ என்றால் என்ன என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளவு வைத்திருந்தது. இப்போது அளவு எழுத்தில் இருக்கிறது: வெளிநாட்டுப் பயணமானால் 6 மணி நேரமோ அதற்கு மேலோ முன்கூட்டிக் கிளம்பினால், அல்லது 6 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், மாற்றத்தை ஏற்காத பயணிக்கு முழுப் பணம். அமெரிக்க உள்நாட்டுப் பயணமானால் 3 மணி நேரம். கிளம்பும் அல்லது இறங்கும் விமான நிலையம் மாறினாலும், மாறி ஏற வேண்டிய இடங்கள் கூடினாலும், பிசினஸிலிருந்து எகானமிக்கு இறக்கினாலும் அப்படியே. நூவர்க்குக்குப் பதில் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் என்று போட்டால்கூட அது ரீஃபண்டுக்குத் தகுதியான மாற்றம்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு 9.50 மாலை 4 மணியாகிவிட்டது. 5 மணி 50 நிமிடம். பத்து நிமிடத்தில் தவறுகிறது! இறங்கும் நேரம் மாறவே இல்லை. நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறதே என்பது இந்த விதியின் கணக்கில் வராது. முதல் ஊரில் கிளம்புவதையும் கடைசி ஊரில் இறங்குவதையும்தான் அது பார்க்கிறது. மதுரை விமானம் வந்து சேருவதற்குள் சென்னை விமானம் போய்விடும் என்பதும் வராது, அது தனி டிக்கெட் என்பதால். அதனால், இன்றைய நிலையில் அமெரிக்க விதியைக் காட்டி முழுப் பணம் கேட்க உங்களுக்கு வழியில்லை. இதை யாராவது உங்களிடம் நேராகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அட்டவணையில் இது கடைசி மாற்றமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அளவு எடுப்பது நீங்கள் முதலில் வாங்கிய நேரத்திலிருந்து. இன்னொரு மெயில் வந்து இன்னும் பத்து நிமிடம் முன்னே போனாலே 6 மணி நேரம் ஆகிவிடும். இடையில் இந்த முதல் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், ‘நீங்கள் சம்மதித்த நேரம் 4 மணி, அதிலிருந்து பத்து நிமிடம்தானே’ என்று வாதாடுவார்கள். பட்டனைத் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். ஒன்று மட்டும்: பதில் சொல்ல மெயிலில் ஏதாவது கெடு இருக்கிறதா, கெடு தாண்டினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பொடி எழுத்து வரை படித்துவிடுங்கள். கெடு இருந்தால் அதற்குள் ‘இந்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை, மாற்று கேட்கிறேன்’ என்று எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

அப்புறம், சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அட்டவணை மாறினால் பயணிக்கு என்னென்ன இலவசமாகச் செய்து கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஏஜென்ட்டுகளுக்கு ஒரு கொள்கை வைத்திருக்கும். பெரும்பாலும் அது சட்டத்தைவிடத் தாராளமாக இருக்கும். கட்டண வித்தியாசம் இல்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றுவது, முன்பின் சில நாட்களில் தேதி மாற்றுவது இரண்டும் சாதாரணமாகக் கிடைப்பவை. சில கம்பெனிகள் கிளம்பும் ஊரையே அக்கம்பக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கும். உங்கள் விஷயத்தில் நானாக இருந்தால் பணத்தைத் துரத்துவதைவிட இதைத்தான் துரத்துவேன். அக்டோபரில் வாங்கிய விலைக்கு இப்போது மே மாத டிக்கெட் கிடைக்காது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் பெற்றோரை வரவழைக்கும் மாதம் அது. முழுப் பணம் கையில் வந்தாலும் மேலே போட்டுத்தான் புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.

அதனால், போன் போடுவதற்கு முன் கம்பெனியின் இணையதளத்தில் புதுப் பயணி போலத் தேடிப் பாருங்கள். சென்னையிலிருந்து அதே நாளில் அவர்களுடைய வேறு விமானம் இருக்கிறதா, முந்தைய நாள், மறுநாள் எப்படி, திருவனந்தபுரத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ நல்ல நேரம் இருக்கிறதா என்று பார்த்து, விமான எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஒரு நல்ல மாற்று; மதுரையிலிருந்து காரில் போய்விடலாம், சென்னை விமானச் செலவே மிச்சம். ‘ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் அவருக்கு வசதியானதைத்தான் காட்டுவார். ‘இந்தத் தேதி, இந்த எண், இந்த விமானத்தில் இடம் இருக்கிறது, அட்டவணை மாற்றக் கொள்கைப்படி இதில் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். ஒருவர் முடியாது என்றால் நன்றி சொல்லி வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். அடுத்து எடுப்பவர் வேறு ஆள்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏஜென்சி மூலம் வாங்கிய டிக்கெட் என்றால் கம்பெனி ‘ஏஜென்சியைக் கேளுங்கள்’ என்று சொல்லும், ஏஜென்சி ‘கம்பெனி அனுமதிக்கவில்லை’ என்று சொல்லும். இந்தப் பந்தாட்டத்தைக் குறைக்க, முதலில் கம்பெனியைக் கூப்பிட்டு, மாற்றத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்டு, அந்த அனுமதியை பிஎன்ஆரில், அதாவது உங்கள் புக்கிங் பதிவில், குறிப்பாகப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஏஜென்சியிடம் ‘பிஎன்ஆரில் குறிப்பு இருக்கிறது, படித்துப் பாருங்கள்’ என்றால் போதும். உங்கள் டிக்கெட் எண் 13 இலக்கம்; முதல் மூன்று இலக்கம் அதை வெளியிட்ட கம்பெனியின் எண். எமிரேட்ஸ் என்றால் 176, கத்தார் ஏர்வேஸ் 157, ஏர் இந்தியா 098. இரண்டு கம்பெனி விமானங்கள் கலந்த டிக்கெட்டில் இது முக்கியம். பறப்பது யார் விமானமாக இருந்தாலும், பேச வேண்டியது அந்த முதல் மூன்று இலக்கத்துக்காரரிடம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பிஎன்ஆர் வேறு, டிக்கெட் வேறு. நேரம் மாறும்போது பிஎன்ஆரில் பழைய விமானம் ‘யுஎன்’ என்ற குறியோடும், புதியது ‘டிகே’ என்ற குறியோடும் வந்து உட்காரும். ஏஜென்ட் அதை ஏற்று, பிறகு டிக்கெட்டையும் புது விமானத்துக்கு ஏற்ப மறுபடி வெளியிட வேண்டும். இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டுவிடுவார்கள். இணையதளத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் ‘உங்கள் டிக்கெட் இந்த விமானத்துக்கு இல்லையே’ என்று நிறுத்துவார்கள். மகன் அமெரிக்காவில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆங்கிலத்தில் சமாளிக்கத் தெரியாத அம்மா அப்பா கவுண்டர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். மாற்றம் முடிந்ததும் ‘டிக்கெட் ரீஇஷ்யூ ஆகிவிட்டதா, புது இ-டிக்கெட்டை அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, நாளைக்கே இன்னொரு மெயில் வந்து 6 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, பணமே போதும் என்று முடிவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். ‘இன்வாலன்டரி ரீஃபண்ட்’ என்ற சொல்லையே பயன்படுத்தி எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள், வேறு வழியில் கட்டியிருந்தால் 20 நாள் என்பது அமெரிக்க விதி. உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டில் பணம் எடுத்தவர் பெயர் ஏஜென்சியா, விமானக் கம்பெனியா என்று பாருங்கள். யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் திருப்பித் தர வேண்டியவர். சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் அதற்குத் தனி எண் இருக்கும், இஎம்டி என்பார்கள். டிக்கெட் பணம் வந்து சீட்டுப் பணம் வராமல் போவது சகஜம், அந்த எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். ஏஜென்சியின் சேவைக் கட்டணத்தை மட்டும் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான்.

பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறோம், கூடவே கொஞ்சம் போனஸும் தருகிறோம் என்பார்கள். பணத்துக்கு உரிமை இருக்கும்போது வவுச்சரை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. கொரோனா ஊரடங்கின்போது இந்தியாவில் கம்பெனிகள் பணத்தைத் தராமல், பின்னால் டிக்கெட் வாங்க மட்டும் உதவும் ‘கிரெடிட் ஷெல்’ என்று பிடித்து வைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்த பிறகுதான் வழி பிறந்தது. கோ ஃபர்ஸ்ட் விமானக் கம்பெனி 2023 மே 3-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியபோது வவுச்சர் வைத்திருந்தவர்கள் கதி என்னவாயிற்று என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். கம்பெனி திவாலானால் வவுச்சர் வெறும் காகிதம். கார்டில் கட்டிய பணமென்றால் கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தரும்படி வங்கியிடம் (சார்ஜ்பேக் என்பார்கள்) கேட்கவாவது வழி இருக்கிறது.

இதே 5 மணி 50 நிமிட மாற்றம் பாரிஸிலிருந்து கிளம்பும் விமானத்தில் நடந்திருந்தால் விடையே வேறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டிக் கிளம்பினாலே அது ரத்துக்குச் சமம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 டிசம்பர் 21-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்று விமானமோ, 7 நாளில் முழுப் பணமோ பயணியின் விருப்பம். பயணத்துக்கு 14 நாளுக்குள் சொன்னால் அதற்கு மேல் நஷ்ட ஈடு வேறு. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும், ஐரோப்பியக் கம்பெனியில் அங்கே போகும் பயணத்துக்கும் இது செல்லும். வளைகுடா கம்பெனியில் சென்னையிலிருந்து நூவர்க் போகும் உங்களுக்கு உதவாது.

நம் நாட்டு விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ-வின் விதியில், வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்த நாட்டு விதிப்படி ரீஃபண்ட் தந்தால் போதும் என்று இருக்கிறது. அதுவும் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. மதுரை–சென்னை டிக்கெட்டுக்கு மட்டும் அது பயன்படும். அந்தக் கம்பெனி எதையும் மாற்றவில்லை என்பதால் ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். ஆனால் அந்தப் பிடித்தம் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும், ரீஃபண்ட் கிடையாது என்று விற்ற டிக்கெட்டாக இருந்தாலும், திருப்பித் தர வேண்டும். அந்த டிக்கெட்டை இப்போதே ரத்து செய்யாதீர்கள். சென்னைப் பயணம் எப்படி முடிவாகிறது என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை மதுரையிலிருந்தே ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். சில ஆயிரம் கூடுதலாக இருந்தாலும், ஒரு விமானத்தின் நேரம் மாறினால் இன்னொன்றையும் சரிசெய்து தருவது கம்பெனியின் பொறுப்பாகிவிடும்.

எல்லாம் கேட்டும் நகரவில்லை என்றால், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் புகார் போடலாம். எழுத்துப் புகாருக்குக் கம்பெனி 60 நாளுக்குள் முழுப் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. இந்தியாவில் புகார் செய்ய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளமும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, எந்த மாற்றம் செய்தாலும் பழைய டிக்கெட்டில் போட்டிருந்த வீல்சேர் கோரிக்கையும் சைவச் சாப்பாடும் புது விமானத்துக்குத் தானாக வந்து சேரும் என்று நம்பாதீர்கள். மறுபடி வெளியிடும்போது அவை அடிக்கடி உதிர்ந்துவிடும். சென்னையில் ஒரு தடவை, நடுவில் இறங்கி ஏறும் இடத்தில் ஒரு தடவை, நூவர்க்கில் ஒரு தடவை என மூன்று இடத்துக்கும் வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனியிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் ஒருமுறை.